பழரசப் புட்டிகளுக்குத் தக்கை தேர்ந்தெடுத்தல்

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத் தீவிலும், அதற்கு அப்பால் லால்குடி, முசிறி, தொட்டியம் பக்கங்களிலும் வாழை பயிரிடும் குடியானவர்களுக்குத் தார் வெட்டும் காலத்தில் நேரும் சங்கடம் புதிதன்று. எல்லோர் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் தார் முற்றுகிறது. மண்டியில் விலை சரிகிறது. பழுத்தவை சில நாட்களில் கறுத்து விடுகின்றன. இவ்வாறு வீணாகும் பழத்தைச் சாறாக்கிப் புட்டியில் அடைக்கலாம் என்ற யோசனை நல்லதே. 1993-ம் ஆண்டு தொடங்கப்பெற்று, திருச்சிராப்பள்ளியை அடுத்த தாயனூரில் அமைந்துள்ள தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தாரும் இத்துறையில் முயற்சி செய்து வருகின்றனர். ஆனால் பழத்தைத் தெரிந்தெடுப்பதிலும் சாறு வடிப்பதிலும் மிகுந்த சிரத்தை காட்டுவோர், புட்டியின் வாயை அடைக்கும் பொருளைக் கடைசி நேரத்தில் கையில் அகப்பட்டபடி தேடுகின்றனர். புட்டியில் அடைத்த பண்டம் கெடுவது பெரும்பாலும் அதன் வாய் வழியாகவே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கந்தைத் துணி, சுருட்டிய காகிதம், மணி உதிர்த்த சோளக் கதிர் முதலியவை எண்ணெய்ப் புட்டிக்குப் போதும், பழரசத்துக்கு உதவா. 'தக்கை' என்னும் சொல்லாலும் ஒரு குழப்பம் விளைகிறது. குளங்களிலும் சதுப்பிலும் வளரும் நெட்டியின் தண்டையும் தக்கை என்கிறோம். மேனாட்டிலிருந்து வரும் கார்க்கையும் தக்கை என்கிறோம். நெட்டி மாலை கட்டவும், தஞ்சாவூரில் கோபுர உருவங்கள் செதுக்கவும் ஏற்றது. அதை அழுத்தினால் அழுந்தியபடியே நின்றுவிடும், ஈரத்தையும் உறிஞ்சும். இவ்விரண்டு குணங்களும் புட்டி வாய்க்கு ஆகாதவை. இனிக் கூறப்படும் தக்கை கார்க்கு ஒன்றே.

இது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகில் விளையும் கார்க்கில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுக்கல் தேசத்தில் விளைகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஸ்பெயினில். மரம் நட்டு சுமார் 25 ஆண்டுகள் சென்ற பிறகே முதல் பட்டையை உரிக்கின்றனர். மரத்தை வெட்டுவதில்லை, பட்டை மீண்டும் வளர்கிறது. ஆயினும் அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். முதல் இரண்டு உரிப்புகளில் கிடைப்பது கரடுமுரடானது. முழுத் தக்கை அறுக்க உதவாது. மூன்றாம் உரிப்பில்தான் நல்ல தக்கை கிட்டுகிறது. அதாவது, மரத்தின் வயது நாற்பதைத் தாண்ட வேண்டும். பேரனுக்காகப் புளி நட்ட நம் முன்னோர் இக்கணக்கை எளிதில் விளங்கிக்கொண்டிருப்பர். நல்ல தக்கை விலையுயர்ந்திருப்பதன் காரணமும் இதுவே.

கார்க்கின் சிறப்பு அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறைகள் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 4 கோடி உள்ளன. ஒவ்வொன்றிலும் காற்று அடைபட்டிருக்கிறது. அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும். இரப்பரை மேலிருந்து அழுத்தினால் பக்கத்தில் பிதுங்கி வாயில் சிக்கிக்கொள்ளும். கார்க்கு அவ்வாறு பிதுங்குவதில்லை. ஆகையால் அதைச் சுருக்கி உள்ளே செலுத்தவும் இயலுகிறது. உள்ளே சென்றபின் அது விரிந்து கண்ணாடியைப் பற்றிக்கொள்ளவும் இயலுகிறது.

வாங்கும்போது ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பக்கங்களில் உள்ள துளைகள் குறைவாகவும் ஆழமற்றும் இருத்தல் நலம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் பள்ளமோ, மரக்கட்டை போன்ற கெட்டியான பழுப்புக் கோடோ, பூச்சி துளைத்த அடையாளமோ இருந்தால் கழித்துவிடலாம். பின்பு விரலிடையில் அழுத்திப் பார்க்க வேண்டும்: கல்போல் இருந்தால் உலர்ந்து போனது, நசுங்கிப் பொடி உதிர்ந்தால் பழையது. தூள் கார்க்கைப் பசையிட்டு அச்சில் அடித்த தக்கைகளும் விற்கின்றன. விலை குறைவு, சில மாதங்களில் செலவாகும் சரக்குக்கு அவை போதுமானவை. ஒருமுறை திருகாணி ஏறிய பழந்தக்கையை மீண்டும் உபயோகிப்பது சிக்கனமல்ல. ஆணி சென்ற வழியே காற்றும் செல்லும்.

கண்ணுக்குப் புலப்படாத குற்றம் ஒன்றுண்டு. நான்கைந்து தக்கைகளைக் கண்ணாடிக் குவளையில் இட்டு, மூழ்கும் அளவு சுத்த ஜலம் விட்டு மூடி, ஓர் இரவு வைத்து மறுநாள் முகர்ந்து பார்க்க வேண்டும். நனைந்த சாக்கின் பூசண நாற்றம் வீசினால் அந்தப் பை முழுவதையும் கடைக்காரரிடமே திருப்பி விடுவது உத்தமம். இந்நாற்றத்துக்கு முக்கியக் காரணமான இரசாயனப் பொருளை 1981-ல் சுவிட்சர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். குளோரின் கலந்த சில பொருள்களின்மீது பூசணம் வேலை செய்வதால் அது உண்டாகிறது; ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பானத்தின் மணம் கெடுகிறது. ஆகவே தக்கைகளைச் சலவைத் தூள் கரைத்த நீரில் கழுவுதல் கூடாது. பூச்சி மருந்தும் உரமும் வைக்கும் அறையில் அவற்றை வைப்பதும் தகாது. கார்க்கு எந்த வாசனையையும் ஏற்றுக்கொள்ளும்.

சிலர் தக்கையைக் கொதிநீரில் வேகவைத்து மிருதுவாக்குகின்றனர். இதனால் அதன் விரியும் சக்தி குன்றுகிறது. அடைக்கச் சற்று முன்பு, ஒரு லிட்டர் நீரில் சுமார் 10 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைத்து அதில் நனைத்தெடுத்தால் போதும்.

அளவைப் பொறுத்தவரை, ஒயின் புட்டியின் வாய் உட்புறம் பெரும்பாலும் 18.5 மில்லிமீட்டர், அதற்கு 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தக்கை. இதைக் கையால் செலுத்த இயலாது. சுருக்கி அழுத்தும் பொறி வேண்டும். பழைய சரக்குக் கடையில் வாங்கும் புட்டிகளின் வாய் பலவிதமாதலால், அளந்து பாராமல் தக்கை வாங்குவோர் இரண்டில் ஒன்றைத் திரும்ப வாங்க நேரிடும். நீளத்துக்காக அதிகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. ஓராண்டுக்குள் செலவாகும் பானத்துக்கு 38 மில்லிமீட்டர் தாராளம். அதனினும் நீண்டவை பல்லாண்டு வைத்திருக்கும் ஒயினுக்கு ஏற்பட்டவை.

ஒயின் என்றதும் ஒரு செய்தியைக் கிராம அதிகாரிகளும் குடியானவர்களும் மனத்தில் கொள்ள வேண்டும். நம் கற்பூரவல்லியின் இனத்தைச் சேர்ந்த வாழையிலிருந்து உகாண்டா தேசத்தார் சாறும் புளித்த மதுவும் வெகுகாலமாகச் செய்து வருகின்றனர். அப்பழத்தின் இனிப்பு அத்தகையது. ஆனால் நம் இராஜ்யத்தில், 1937-ம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமலுக்கு வந்து, பல திருத்தங்களுடன் இன்றும் வழக்கிலுள்ள மதுவிலக்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வீட்டில் மது வடித்தலும் புளிக்க வைத்தலும் குற்றம். பழக்காடியும் நடுவில் மதுநிலையைக் கடந்தே காடியாகிறது. ஆதலால் அதைத் தொழிலாகச் செய்ய விரும்புவோரும் ஆயத்தீர்வை அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டு தொடங்குதல் நலம். பொன்மலை இரயில்வே குடியிருப்பு போன்ற இடங்களில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் இஞ்சி ஒயின் பெயரளவில் ஒயினே தவிர, புளிக்க வைக்காமல் காய்ச்சி வடித்தால் அதில் மது இல்லை.

புளிக்காத சாற்றை அடைத்தாலும் அது பின்னால் புளிக்கலாம் என்பதுதான் இங்கே பெரும் அபாயம். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புட்டிக்குள் புளித்தாலே சுமார் ஒரு வாயுமண்டல அழுத்தம் ஏறுகிறது. ஷாம்பேன் செய்வோர் லிட்டருக்கு 24 கிராம் சேர்த்து ஆறு வாயுமண்டலம் வரை ஏற்றுகின்றனர். அதற்கென்றே கனத்த கண்ணாடியும், கம்பி கட்டிய தக்கையும் வைக்கின்றனர். வாழைச்சாற்றிலோ லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. ஈஸ்டு உயிரோடிருக்கும் சாற்றைத் தக்கையிட்டு இறுக்கினால், தக்கை பறந்தால் அதிர்ஷ்டம். பறக்காவிட்டால் புட்டி வெடிக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதைப்பற்றி விளையாட்டாக இருத்தல் கூடாது. வாயுவையே பூட்டாக்கிக்கொண்ட புட்டி, 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற கோலிசோடாப் புட்டி ஒன்றுதான். அதன் கண்ணாடியின் கனத்தைக் கையில் எடுத்தாலே உணரலாம்.

ஆகவே சாற்றை 85 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கிச் சூட்டோடு புட்டியில் நிரப்பி, மூடிய புட்டியைக் கொதிநீரில் இருபது நிமிஷம் வைத்து ஈஸ்டைக் கொல்வதே முறை. இவ்வேலைக்குக் கார்க்குத் தக்கை ஏற்றதன்று. கொதிநீரில் அது மேலெழும்பி விடும். 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயிண்டர் என்பவர் காப்புரிமை பெற்ற கிரௌன் மூடி, அதாவது சோடா கலர் புட்டிகளில் காணும் பல் வைத்த தகர மூடி, இதற்கு ஏற்றது. முன்னாளில் அதன் உள்ளே கார்க்கு வில்லை இருந்தது. இப்போது பிளாஸ்டிக் பூச்சு. கையால் அழுத்தி மூடும் சிறு பொறி தக்கைப் பொறியிலும் மலிவு. எலுமிச்சை ஸ்குவாஷ் போலத் திறந்து திறந்து ஊற்றும் பானத்துக்குத் திருகு மூடியோ, தலைப்பிடி வைத்த தக்கையோ பொருந்தும். ஸ்குவாஷில் லிட்டருக்கு 0.6 கிராம் மெட்டாபைசல்பைட் சேர்ப்பதால், பூச்சில்லாத தகரம் அரிபடும். தேனுக்கும் திருகு மூடியே.

தக்கை அடைத்த புட்டி எதுவாயினும், நம் ஊர் உஷ்ணத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் தோல்வியே. மேனாட்டுப் புத்தகங்கள் தக்கைக்கும் திரவத்துக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர் விடச் சொல்வது குளிர்ந்த நிலவறைகளை மனத்தில் வைத்து. திருச்சிராப்பள்ளியில் விடியற்காலை 25 டிகிரியில் நிரப்பிய 750 மில்லிலிட்டர் புட்டி, சித்திரை மாதத்துப் பகலில் 40 டிகிரிக்கு ஏறினால், உள்ளிருக்கும் திரவம் மூன்று மில்லிலிட்டருக்கு மேல் பெருகுகிறது. குறுகிய கழுத்தில் அது ஒன்றேகால் சென்டிமீட்டர் உயரம். விட்ட இடைவெளி ஏறக்குறைய முழுதும் அடைபட்டு, சிக்கிய காற்று தக்கையை வெளியே தள்ளும். ஆகையால் இரண்டரை சென்டிமீட்டர் விடுதல் வேண்டும். நிரப்புவதையும் விடியலில் செய்யாமல் நடுப்பகலில் செய்தல் நலம்.

அடைத்தபின் இரண்டு நாள் புட்டியை நிமிர்த்தி வைத்து, தக்கை நன்கு விரிந்தபிறகு படுக்க வைக்கலாம். தக்கை நனைந்திருந்தால் உலர்ந்து சுருங்காது. ஓட்டு வீட்டில் வடக்குச் சுவரோரம், தரையில் மணல் பரப்பி அடுக்கினால் சூடு குறையும். தகரக் கொட்டகையிலோ மாடியறையிலோ வைத்தல் ஆகாது. முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை கழுத்தைத் தடவிப் பார்த்து, பிசுபிசுப்புள்ள புட்டியைத் தனியே எடுத்து, துணி சுற்றித் திறந்து, முதலில் செலவிட்டு விடவேண்டும்.