‘டிக் டிக்’ என்றால் எங்கே பழுது?

1981இல் ஆப்பிள் நிறுவனம் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 72 ஊழியர்களோடு ஓர் ஆலையைத் தொடங்கியது. அங்கே தயாரானவை ஆப்பிள் டூ கணினியின் சர்க்யூட் போர்டுகள். அந்த வரிசையில் 1983இல் வந்த ‘டூ ஈ’ ஒன்று உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடக்கிறதா? ஆசையில் உடனே பிளக்கைச் செருகிவிடாதீர்கள்.

நாற்பது ஆண்டில் சில்லுகளுக்கு முன்னால் தளர்ந்துபோவது கெப்பாசிட்டர்கள்தாம். பவர் சப்ளைக்குள் மின்னிரைச்சலை வடிகட்ட ஒன்று இருக்கும். உள்ளே சுருட்டிய காகிதம், மேலே பிசின் உறை. உறை விரிசல் விட்டால், நம் ஊர் ஈரக்காற்றைக் காகிதம் குடித்து உப்பிவிடும். சுவிட்சைப் போட்டதும் ‘டப்’. அறை முழுக்கப் புகை. முதலில் அதை மாற்றிவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

அடுத்து, சுவிட்சைப் போட்டால் ‘டிக், டிக்’ சத்தமா? பெரும்பாலும் எங்கோ ஷார்ட். பவர் சப்ளை எழ முயன்று, ஆபத்தை உணர்ந்து அணைந்து, மறுபடி முயல்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கூடுதல் கார்டுகளை எல்லாம் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி ஒரு கார்டு. நிற்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, 5 வோல்ட், 12 வோல்ட் தடங்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து ஓம் அளக்க வேண்டும். முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் தடத்தில்தான் பழுது.

கணினி எழுந்தும் திரை நிறையக் குப்பை எழுத்துகளா? நினைவகத்தைச் சந்தேகியுங்கள். டூ ஈயின் 64 கிலோபைட்டும் எட்டுச் சில்லுகளில் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்டுகளையும் அவை ஆளுக்கொன்றாகச் சுமக்கின்றன. எட்டுப் பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தடுக்கினாலும் பல்லக்கு சாயும். தடுக்கியவர் யார் என்பதைக் கணினியின் சுயசோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றுச் சில்லு வாங்க வேண்டுமா? தேக்காவிலிருந்து நடந்தே போகலாம், ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். எலக்ட்ரானிக் உதிரிபாகங்களுக்குப் பெயர்போன கட்டடம். ஆனால் கிளம்பும் முன் ஒன்று: சாக்கெட்டில் செருகிய சில்லைப் பதமாக நெம்பியெடுத்து, கறுத்த கால்களைத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பாருங்கள். பல நேரம் சில்லுக்கு நோயே இருக்காது. காலில் களிம்பு ஏறியிருக்கும், அவ்வளவுதான்.