பத்து மிளகும் ஓர் ஊசியும்

"பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்" என்பார்கள் நம் பெரியவர்கள். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் அன்று என் மகளை இழந்திருப்பேன்.

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. திருநெல்வேலியில் என் சிறு வயதில் இடி இடித்து மழை பெய்தால்தான் காளான். இங்கே வருடம் முழுவதும் பாக்கெட்டில் கிடைக்கிறது. செம்பூரிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்திருந்த ஒரு ஞாயிறன்று, வீட்டில் காளான் குருமா.

இரண்டு வாய் சாப்பிட்ட மகள், "தொண்டை அரிக்குதுப்பா" என்றாள். முன்பொரு முறை காளான் சாப்பிட்டபோதும் இதையே சொன்னாள், நாங்கள்தான் பொருட்படுத்தவில்லை. பத்தே நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்கி, குரல் கம்மியது. என் அம்மா மிளகுக் கஷாயத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.

பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடி வந்தாள். "அண்ணே, மூச்சு இழுக்குது பாருங்க. கஷாயமெல்லாம் வேண்டாம், பிள்ளையைத் தூக்குங்க. நடக்க விடாதீங்க!"

தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்சி பிடித்து சயான் மருத்துவமனை. தொடையில் அட்ரீனலின் ஊசி போட்டதும் சிறிது நேரத்தில் மூச்சு சீரானது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்பதால் இரவு அங்கேயே வைத்திருந்தார்கள்.

இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். 1902ல் இதைக் கண்டு பெயரிட்டவர்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரிஷேயும் போர்ட்டியேவும். ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசு கிடைத்தது. காளானில் உள்ள புரதத்தை உடம்பு பகைவனாக எண்ணிப் போர் தொடுக்கிறது. விஷக் காளான் விஷயம் வேறு. கொடிய விஷக் காளான்கள் பல மணி நேரம் கழித்தே வாந்தி, பேதியில் தொடங்கி ஈரலைத் தாக்கும். ஒவ்வாமையோ நல்ல காளானிலும் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். எல்லோருக்கும் வருவதில்லை, அரிதுதான். வந்தால் அட்ரீனலினே முதல் மருந்து. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது.

2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளில், ஒவ்வாமை எச்சரிக்கை கட்டாயமான பொருட்களில் காளான் இல்லை. ஆகவே பாக்கெட் சூப், மசாலா எதுவானாலும் சேர்மானப் பட்டியலை முழுவதும் படிக்கிறோம். கல்யாண விருந்திலும் கூச்சப்படாமல் கேட்டுவிடுகிறோம்.

அன்பர்களே, "வாய் அரிக்குது" என்று பிள்ளை சொன்னால் அலட்சியம் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். அம்மா இன்றும் ரசத்துக்கு மிளகு தட்டுகிறார். ஆனால் அடுப்படிச் சுவரில் 108 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருப்பவரும் அவர்தான்.