ஷோ முயல் வாங்கப் போறீங்களா? இனத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

வழக்கமா எஸ்ஐபி, இன்ஷூரன்ஸ்னு பேசிட்டிருக்கிற இடத்துல இன்னைக்கு முயல். சிரிக்காதீங்க, இதுல 2 லட்ச ரூபாய் இருக்கு.

போன மாசம் திண்டிவனத்துல இருந்து ஒரு தம்பி என்னோட விழுப்புரம் ஆபீஸுக்கு வந்தாரு. வயசு 26. கையில வர்ற சம்பளம் 27,000. ரிட்டர்ன் ஃபைல் பண்ணத்தான் வந்தாரு. பேச்சு முடிஞ்சு எந்திரிக்கும்போது போனை நீட்டினாரு. காது ரெண்டும் தொங்கிட்டு, பொம்மை மாதிரி ஒரு முயல்.

"சார், இது ஹாலண்ட் லாப். ஷோ குவாலிட்டி, பெடிகிரி சர்டிஃபிகேட்டோட வருது. ஆறு ஜோடி 2 லட்சம். ஷோவுல ஒரு தடவை ஜெயிச்சா போதும், குட்டிங்க தானா வித்துடும். பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு சார்."

14 சதவீத வட்டி, 3 வருஷம். இஎம்ஐ 6,836 ரூபாய். சம்பளத்துல ஏறக்குறைய கால் பங்கு. உட்காருங்க தம்பின்னு சொல்லி திரும்பவும் ஒரு டீ சொன்னேன்.

முதல்ல அந்த சர்டிஃபிகேட். முயல் ஷோன்னாலே உலகம் பார்க்கிறது 1910ல ஆரம்பிச்ச அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தைத்தான். ஒவ்வொரு இனத்துக்கும் எடை, உடல் அமைப்பு, காது, முடி, நிறம்னு பிரிச்சு 100 மார்க் போட்டு ஒரு தர நூல் வச்சிருக்காங்க. அங்க மேசையில முயலை நிறுத்த பெடிகிரியே தேவை இல்லை! இடது காதுல பச்சை குத்தின அடையாள எண் இருந்தா போதும். பெடிகிரிங்கிறது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தான்னு மூணு தலைமுறை வம்சப் பட்டியல், அவ்வளவுதான். முயல் நல்லா இருக்கான்னு அது சொல்லாது. நம்ம ஊர் பெட் ஷோவுல ஜட்ஜ் அந்தப் பேப்பரை வச்சு மார்க் போடப் போறதில்லை. அதனால பேப்பருக்காக கூடுதலா கேட்கிற காசு வேஸ்ட்னு தம்பிகிட்ட நேராவே சொல்லிட்டேன்.

அடுத்தது இனம். இங்கதான் விக்கிறவர் கொடுத்த எக்ஸெல் ஷீட்டைத் திறந்தோம். ஒரு பெண் முயல் மாசம் ஒரு ஈத்து, ஈத்துக்கு 6 குட்டி, குட்டி 4,000 ரூபாய். ஆறு பெண் முயலுக்கு வருஷம் 432 குட்டி, 17,28,000 ரூபாய். சினைக்காலம் 31 நாள்தான், அது உண்மை. ஆனா குட்டி போட்ட அன்னைக்கே திரும்ப ஆணோட விட்டாத்தான் இந்தக் கணக்கு வரும். தாய் முயல் எத்தனை மாசம் தாங்கும்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு அந்த ஷீட்ல இல்லவே இல்லை. ஹாலண்ட் லாப், நெதர்லாண்ட் ட்வார்ஃப் மாதிரி குட்டை இனங்கள்ல ஒரு குள்ள ஜீன் இருக்கு. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயும் அது இருந்தா, குட்டிகள்ல கால் பங்குக்கு அந்த ஜீன் ரெண்டு பக்கமும் வந்துடும். அந்தக் குட்டிக்கு 'பீனட்'னு பேரு. பிறந்து சில நாள்லயே செத்துடும், எந்த வைத்தியத்துலயும் காப்பாத்த முடியாது. இன்னொரு கால் பங்குக்கு குள்ள ஜீன் வரவே வராது, அதனால ஷோ எடையைத் தாண்டி வளர்ந்துடும். ஹாலண்ட் லாப்புக்கு ஷோவுல மேல் வரம்பு சுமார் 1.8 கிலோ. ஆக, எடை வரம்புக்குள்ள வர வாய்ப்பு இருக்கிறது பாதிதான். அதுக்குள்ள பல் கோணல், காது சரியா விழாதது, தலை வடிவம்னு கழிவு வேற.

அனுபவசாலிகள் அதனாலதான் குள்ள ஜீன் இல்லாத பெரிய பெண் முயலை குட்டை ஆணோட சேர்ப்பாங்க. பீனட் பிறக்காது, பாதி குட்டி குட்டையாவே வரும். தம்பிக்கு வந்த ஆறு ஜோடியும் 'ரெண்டுமே ப்யூர் ட்வார்ஃப்'னு பெருமையா விளம்பரம் பண்ணது. அதுதான் நஷ்ட ஜோடி.

இப்ப என் கணக்கு. நம்ம வெயிலுக்கு வருஷம் 3 ஈத்து, ஈத்துக்கு 3 குட்டின்னு வைங்க. ஆறு பெண் முயலுக்கு 54 குட்டி. 13 பீனட்ல போச்சு. மீதி 41. அதுல 13 நல்ல குட்டி தேறி, 4,000 கொடுக்க ஆளும் கிடைச்சா 52,000. மீதி 28ஐ 500 ரூபாய்னு செல்லப்பிராணியா தள்ளினா 14,000. மொத்தம் 66,000. வருஷ இஎம்ஐ மட்டும் 82,032. தீவனம், கூண்டு, மருந்து எதுவும் இன்னும் எழுதவே இல்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பை பேக் இருக்கு சார், அவங்களே குட்டியை வாங்கிப்பாங்க"ன்னாரு. 2012ல பெருந்துறை பக்கம் ஈமு கோழிக்கும் இதே பை பேக் வாக்குறுதிதான். பணம் போட்டவங்க டிஎன்பிஐடி சட்டத்துல புகார் கொடுத்துட்டு வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க. யார் எந்த பேப்பர்ல கையெழுத்து போட்டாலும், திரும்ப வாங்க அவர்கிட்ட காசு இருக்கணும். அந்தக் காசு அடுத்து முயல் வாங்கப் போற ஆள்கிட்ட இருந்துதான் வரணும்னா, ஓடிடுங்க.

சரி, அப்ப முயலே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லலை. எனக்கே ஆசைதான். பொண்ணு கேட்டாள்னு ஒரு பிப்ரவரியில 12,000 கொடுத்து அங்கோரா ஜோடி வாங்கினவன் நான். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். மே மாசம், அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச வாரத்துலயே ரெண்டும் போயிடுச்சு. வித்தவர் போனை எடுக்கலை. அப்புறம்தான் படிச்சேன்: முயலுக்கு வியர்க்காது, காது வழியாத்தான் சூட்டை வெளியேத்தும். 30 டிகிரி தாண்டினாலே திணறும், ஆண் முயலுக்கு சில வாரம் மலட்டுத்தன்மை கூட வரும். மத்திய அரசோட செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிறுவனம் அங்கோராவை வச்சிருக்கிறது இமாச்சலத்துல, குலு பக்கம் கார்சாவில. தமிழ்நாட்டுல அதே நிறுவனத்தோட மையம் இருக்கிறது கொடைக்கானல் மலையில, மன்னவனூர்ல. அரசாங்கமே மலையேறித்தான் வளர்க்குது. நான் விழுப்புரம் மொட்டை மாடியில, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ வளர்த்தேன்!

அதனால நம்ம ஊருக்கு நீள முடி இனம் வேண்டாம். 6 கிலோவுக்கு மேல வளர்ற ஃப்ளெமிஷ் ஜெயன்ட்டும் வேண்டாம். வெயிலும் ஒத்துக்காது, கம்பித் தரையில அந்த எடைக்கு பாதத்துல புண்ணு வந்துடும்.

நான் தம்பிக்குச் சொன்னது டச். முகத்துலயும் பின்பாதியிலயும் நிறம், நடுவுல வெள்ளைப் பட்டை, அந்த இனம். எடை 1.6ல இருந்து 2.5 கிலோ. குட்டை முடி. தாய் முயல்கள் குட்டியை நல்லா பார்த்துக்கும், மத்த முயலோட குட்டியையே இதுகிட்ட விட்டு வளர்க்கிறவங்க இருக்காங்க. இதுலயும் கழிவு உண்டு, பட்டை கோணலாப் போனா மார்க் போச்சு. ஆனா அது பிறந்த சில நாள்லயே கண்ணுக்குத் தெரிஞ்சிடும். ஹாலண்ட் லாப்ல தலையும் காதும் எப்படி வரும்னு தெரிய மாசக்கணக்குல தீவனம் போடணும். ரெண்டு கழிவுக்கும் செலவு ஒண்ணு இல்லை. எந்த நாள்ல நஷ்டம் தெரியுதுங்கிறதுதான் எனக்கு முக்கியம்.

இடம் நிறைய இருந்தா நியூசிலாந்து ஒயிட்டும் நல்ல தேர்வு. முழுக்க வெள்ளை, பட்டை கணக்கே இல்லை, உடல்வாகுக்குத்தான் மார்க். ஷோவுல தோத்தாலும் வளர்ப்புக்கு வாங்க ஆள் உண்டு.

வாங்கப் போகும்போது நாலு விஷயம் கையால தொட்டுப் பாருங்க. உதட்டை விலக்கி மேல் பல் கீழ்ப் பல்லுக்கு முன்னாடி வருதா, மூக்குல சளி இருக்கா, காதுக்குள்ள பொருக்கு இருக்கா, நகம் எல்லாம் அந்த இனத்துக்குச் சொன்ன நிறத்துல இருக்கா. ஒரே ஒரு நகம் நிறம் மாறியிருந்தாலும் பெரிய ஷோவுல மேசையை விட்டு இறக்கிடுவாங்க. அப்புறம் ஆணா பெண்ணான்னு நீங்களே பாருங்க. ஜோடின்னு ரெண்டு ஆணை வாங்கினவங்க எனக்கே ரெண்டு பேர் தெரியும்.

வரி விஷயம் சீக்கிரமா. முயல் வித்த வருமானம் விவசாய வருமானம் இல்லை, வரி உண்டு. தொழில் வருமானமா காட்டணும், அந்த வருஷம் ஐடிஆர் 1 போட முடியாது. அனுமான முறையில போனா ஐடிஆர் 4, விற்பனையில 8 சதவீதம், வங்கி வழியா வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டலாம். "நஷ்டம் வந்தா சம்பளத்துல கழிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, தொழில் நஷ்டத்தை சம்பளத்துல கழிக்க சட்டத்துல இடமில்லை. செல்லப்பிராணியா தொடர்ந்து விக்கிறதா இருந்தா 2018 பெட் ஷாப் விதிப்படி மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவும் வேணும். வயல்ல ஓடுற காட்டு முயலைப் பிடிச்சு வளர்க்கிற யோசனையை மட்டும் விட்டுடுங்க, அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது.

தம்பி லோனை எடுக்கலை. வித்தவர் "அட்வான்ஸ் 5,000 திரும்பாது"ன்னு சொல்லிட்டாராம், அது போகட்டும்னு விட்டுட்டாரு. போனஸ் வந்ததும் ஒரு ஆண், ரெண்டு பெண்ணுன்னு மூணு டச் மட்டும் வாங்கினாரு. கூண்டு கீற்றுக் கொட்டகையில, வேப்பமரத்தடியில. மசால் பயிர் வீட்டுப் பின்னாடியே போட்டிருக்காரு. உடம்புக்கு முடியலைன்னா குரும்பாபேட்டையில இருக்கிற புதுச்சேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பஸ் தூரம்தான். மாசச் செலவை எழுதி வைக்க ஒரு நோட்டு கொடுத்திருக்கேன். முதல் ஈத்துல அஞ்சு குட்டி, அதுல ஒண்ணுக்குத்தான் பட்டை நேரா வந்திருக்குன்னு நேத்து போட்டோ அனுப்பினாரு.