இரகசியச் சங்கங்களை அளப்பது எங்ஙனம்?

ஜனக்புரியில் மெட்ரோ ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் சாந்தினி சௌக்கை அடையலாம். 1912 டிசம்பர் 23 அன்று அவ்வீதியில் யானைமீது பவனி வந்த வைசிராய் ஹார்டிஞ்சு பிரபுவின் மீது குண்டு வீசப்பட்டது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 1911 ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுக்கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார் வாஞ்சிநாதன். ஒரு தீவிரக் கூட்டம் பலாத்காரத்தில் இறங்குமா என்று முன்னரே மதிப்பிட இயலுமா? திருநெல்வேலியையே சான்றாகக் கொள்வோம்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். கப்பலும் மேடையும் ஒளிவுமறைவற்றவை. அம்மேடைகளில் கடுஞ்சொற்கள் முழங்கின, கேட்டோர் ஆயிரமாயிரம். அவருள் ஆயுதம் தேடியவர் மிகச் சிலரே. ஆகவே பேச்சின் சூட்டை மட்டும் அளந்தால் கணக்குப் பிழைபடும்.

1908 மார்ச்சில் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். 13-ஆம் தேதி நெல்லையில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. மேடை ஓய்ந்தபின், நீலகண்ட பிரம்மச்சாரி முதலியோரின் சங்கம் இரகசியமாகக் கூடிச் சத்தியம் செய்துகொண்டது. புனலூர்க் காட்டிலாகாவில் பணியாற்றிய வாஞ்சி விடுப்பெடுத்துப் புதுச்சேரி சென்றார். வெளிவழி அடைபடுதல், சிறு குழுவின் சபதம், அன்றாட வாழ்விலிருந்து விலகல், பகைவர் இன்னார் என்று பெயர் குறித்தல்: கவனிக்கத்தக்கவை இவையே என்பது நம் கருத்து.

வீம்புரையையும் அப்படியே நம்பலாகாது. வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம் மூவாயிரம் பேர் சபதம் ஏற்றதாகக் கூறிற்று. வழக்கில் நிறுத்தப்பட்டவரோ பதினால்வர். அக்கடிதத்தில் நாட்டுப்பற்றுடன் சனாதன ஆவேசமும் கலந்திருந்ததைப் புகழுரைகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றன.

அளப்பவர் தவறினால் நேர்வது என்ன? புரட்சிச் சங்கங்களை ஆராய்ந்த ரௌலட் குழு 1918-இல் அறிக்கை தந்தது. அதன்வழி 1919 மார்ச்சில் பிறந்த சட்டம் விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்தது. சிலருக்கென விரித்த வலை எல்லார்மீதும் விழுந்ததாகவே மக்கள் உணர்ந்தனர். ஏப்ரல் 13 அன்று, கிளர்ச்சியால் கொதித்திருந்த அமிர்தசரஸில், ஜாலியன்வாலாபாகில் கூடிய மக்கள்மீது டையரின் படை சுட்டது. சட்டம் 1922-இல் நீக்கப்பட்டது. எனினும் சர்க்கார் மீண்டும் பொதுப் பாதுகாப்பு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது; 1929 ஏப்ரல் 8 அன்று, டில்லி மத்திய சட்டசபையில், அதை எதிர்த்துப் பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசினர்.