பரணில் உறங்கும் வீணை

திருவனந்தபுரத்தினின்று நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்பவர்கள், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டின் எல்லையை அடைவார்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆயினும், அங்குள்ள எல்லைச் சிற்றூர்களில் தமிழ் வழங்கும் இல்லங்கள் இன்றும் உள்ளன. அவ்வில்லங்களின் பிள்ளைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கல்வி பயின்று, தொழில் நாடி மும்பைக்கும் புனேக்கும் டில்லிக்கும் சென்றுவிடுகின்றனர்.

அத்தகைய இல்லம் ஒன்றில், பாறசாலைக்கு அருகே, அண்மையில் நாம் ஒரு பழைய வீணையைக் கண்டோம். பாட்டியார் மணமகளாக அவ்வீட்டிற்கு வந்த நாளில் உடன் வந்த வீணை அது. அவர் காலமான பின்னர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பழஞ்சேலையில் சுற்றப்பட்டுப் பரணிலே கிடந்தது. வீட்டை விற்பதற்கெனப் புனேயிலிருந்து வந்திருந்த பேரர், "வாசிப்பவர் எவரும் இல்லை. பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் கேட்டிருக்கிறார். வண்ணம் பூசிக் கூடத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்கிறார். கொடுத்துவிடலாமா?" என்று நம்மிடம் கேட்டார்.

இவ்வினா அந்த ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் மக்களில் எத்தனையோ பேர் இல்லங்களில், பெட்டியின் மேலும் கட்டிலின் அடியிலும் வீணைகள் வாய் பேசாமல் கிடக்கின்றன. ஆகவே, பழைய வீணையொன்றை மீண்டும் வாசிக்கத்தக்க நிலைக்குக் கொணர்வது எவ்வாறு, அப்பணியில் நாமே செய்யத்தக்கது யாது, கைவினைஞரிடம் ஒப்படைக்கத்தக்கது யாது என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் வீணையின் உறுப்புகளை அறிந்துகொள்வோம். வலப்புறத்தில் உருண்டு பருத்திருப்பது குடம். அதனின்று நீண்டு செல்வது தண்டி. தண்டியின் முடிவில் வளைந்து நிற்பது யாளி முகம். அதற்குச் சற்று முன்னே தண்டியின் அடியில் பொருத்தப்படுவது சுரைக்காய். குடத்தின் மேற்பலகையில் நிற்கும் குதிரையின்மீது தந்திகள் ஏறிச் செல்கின்றன. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என வாசிக்கும் தந்திகள் நான்கு. பக்கவாட்டில் தாளத்திற்குரிய தந்திகள் மூன்று. தண்டியின்மேல் இரண்டு ஸ்தாயிகளுக்குப் போதுமான 24 மெட்டுகள் இருக்கின்றன. இவ்வமைப்பு தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலைபெற்றது என்பர். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றது.

வீணைக்கு உகந்த மரம் பலா. பண்ணுருட்டிப் பலா தஞ்சைக் கைவினைஞர்களிடம் பெயர் பெற்றது. பலா நெய்யாற்றங்கரை மக்களுக்கும் அந்நியமன்று. வீட்டுத் தோட்டத்தில் காய்ப்பதும் அதுவே, கதவும் நிலையும் ஆவதும் அதுவே. இசையும் இப்பகுதிக்குப் புதிதன்று. சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு விளங்கினார். 1939-இல் திருவனந்தபுரத்தில் அம்மன்னர் பெயரால் இசைக்கழகம் தோன்றியது. அங்கே வீணை பயிற்றிய கே. எஸ். நாராயணஸ்வாமி அவர்கள் பின்னர் மும்பைக்குச் சென்று, ஷண்முகானந்த சபையின் சங்கீத வித்யாலயத்திலும் மாணவர்களை உருவாக்கினார். 2008-இல் மறைந்த வாய்ப்பாட்டு வித்வான் நெய்யாற்றின்கரை வாசுதேவன் இம்மண்ணின் மைந்தரே.

இனிப் பணிக்கு வருவோம். பரணினின்று இறக்கிய வீணையைக் கண்டதும், பிருடைகளை முறுக்கித் தந்திகளை இழுத்து ஒலி எழுப்பிப் பார்க்க எவர்க்கும் ஆவல் தோன்றும். அவ்வாறு செய்தல் ஆகாது. ஏழு தந்திகளும் சுருதியில் நிற்கும்பொழுது அவற்றின் இழுவிசை முழுவதையும் குடமும் தண்டியுமே தாங்க வேண்டும். குடம், தண்டி, யாளி ஆகிய மூன்றும் ஒரே மரத்தில் குடையப்பட்டது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைக்கப்பட்டது ஒட்டு வீணை. ஒட்டு வீணையாயின் குடமும் தண்டியும் சேருமிடத்தை நல்ல வெளிச்சத்தில் நோக்குங்கள். மயிரிழை போன்ற பிளவு தென்பட்டாலும் தந்தியை முறுக்காமல் கைவினைஞரை நாடுங்கள். சிறு துளைகளும் அவற்றினடியில் மாவு போன்ற புதுத் தூளும் காணப்படின், மரத்தை உளு அரிக்கிறது என்று அறியலாம். அப்பொழுதும் அவரை அழைத்தலே முறை.

மரம் நலமாக இருப்பின் துப்புரவைத் தொடங்கலாம். இதற்கு வேண்டுவன பழைய மெல்லிய பருத்தித் துணியும் மென்மையான தூரிகையுமே. தண்ணீர் வேண்டா, ஈரம் மரத்தை உப்பச் செய்யும். சாராயம் கலந்த திரவங்களும் வேண்டா. பழைய வீணைகளின் மெருகு பெரும்பாலும் அரக்கினால் ஆயது, அரக்கு சாராயத்தில் கரைந்துவிடும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தலும், மேற்பலகையில் புதிய வண்ணத்தைத் தடிப்பாகப் பூசுதலும் பெருந்தவறு. அப்பலகை அதிர்வதனால் அன்றோ நாதம் பிறக்கிறது? தடித்த பூச்சு அதிர்வை அடக்கிவிடும். கூடத்தில் வைக்கும் அழகுப் பொருளாக வீணையை மாற்றுபவர்கள் அறியாமலே அதன் குரலை நெரித்துவிடுகின்றனர்.

பித்தளை மெட்டுகளின்மேல் பச்சையும் கருமையும் படிந்திருக்கும். வீட்டுப் பாத்திரங்களைப் போலப் புளியிட்டுத் துலக்கலாம் என எண்ணாதீர்கள். மெட்டுகள் நிற்பது மெழுகின்மேல். உலர்ந்த துணியால் தேய்த்து, வந்த அளவு பளபளப்பே போதும் என்று விட்டுவிட வேண்டும். விரல் எளிதில் வழுக்குவதற்கென வாசிப்பவர்கள் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். அவ்வெண்ணெய் தூசியுடன் கலந்து மெட்டுகளின் இடுக்கில் கட்டியாகப் படிந்திருக்கும். மூங்கில் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, மெழுகில் படாதவாறு மெல்ல அகற்றலாம். பழைய வேலைப்பாட்டில் யானைத் தந்தம் பதித்திருக்கவும் கூடும். தந்த வணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதனை, விற்க நினைப்பவர்கள் மறத்தலாகாது.

அடுத்தது தந்தி. துருவேறிய தந்தி எங்கும் ஒரே பருமனாக இராது. ஆகவே அது எந்த மெட்டிலும் சரியான சுரத்தைத் தராது. எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒருங்கே கழற்றுதல் கூடாது. முதலில் குதிரை நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, ஒரு தந்தியைக் கழற்றிப் புதியதைக் கட்டிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாத் தந்திகளும் ஒரே சமயத்தில் தளர்ந்தால் குதிரை நகர்ந்துவிடும். பிருடை வழுக்கினால் அதன்மேல் சுண்ணக்கட்டியைச் சிறிது பூசினால் பிடிப்பு உண்டாகும். சுருதியை முதல் நாளே முழுமையாக ஏற்றாமல், இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக ஏற்றுதல் நலம்.

இதுகாறும் கூறியவை நாமே செய்யத்தக்கவை. இதன் பின்னர் வருவதே வீணையின் உயிர்நிலை. அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர்.

இதனை விளக்க, இக்காலத்து இளைஞர் நன்கறிந்த கருவியொன்றை ஒப்பிட்டுக் காட்டலாம். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், தாழ்ந்த சுரங்களுக்குரிய மின்சாரப் பேஸ் கித்தாரை மெட்டுகளுடன் விற்பனைக்குக் கொணர்ந்தார். துல்லியம் என்னும் பொருளுடைய 'பிரிசிஷன்' என்பதே அதன் பெயர். அதில் மெட்டுகள் மரத்தினுள் அறையப்பட்டவை, அவை அசையமாட்டா. சுரம் பிழைத்தால், தந்தி தங்கும் தாங்கியைத் திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்திச் சரி செய்வர். வீணையிலோ வாசிக்கும் நான்கு தந்திகளுக்கும் குதிரை ஒன்றே. இங்கு இடம் மாறத்தக்கவை மெட்டுகளே. தேன்மெழுகுடன் கரித்தூள் கலந்து தண்டியின் இருபுறமும் வரம்பு போல எழுப்பி, அதன்மேல் 24 மெட்டுகளையும் கைவினைஞர் தம் செவியையே அளவுகோலாகக் கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். மெட்டு ஒரு நூலளவு விலகினும் சுரம் பேதிக்கும். அதன் உயரமும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். ஒன்று தாழ்ந்து அடுத்தது உயர்ந்தால் தந்தி அதில் உரசிக் கரகரக்கும்.

மேளம் கட்ட அறியாதவர்களும் மேளம் கெட்டிருப்பதை அறிய முடியும். அதற்கு எளிய சோதனைகள் உண்டு. சுருதி கூட்டிய பின், பஞ்சமத் தந்தியை ஐந்தாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். சாரணியை அழுத்தாமல் மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஷட்ஜமாக ஒலிக்க வேண்டும். மந்தரத் தந்தியின் ஏழாவது மெட்டு, அழுத்தாத பஞ்சமத் தந்தியுடன் ஒத்திருக்க வேண்டும். சாரணியின் பன்னிரண்டாவது மெட்டு மேல் ஷட்ஜத்தையும், இருபத்து நான்காவது அதற்கும் மேலான ஷட்ஜத்தையும் தர வேண்டும். ஒரு மெட்டில் மட்டும் பிழை எனில் அம்மெட்டு நகர்ந்திருக்கிறது. ஒரு தந்தியில் மட்டும் பிழை எனில் தந்தி பழுது. எல்லாத் தந்திகளிலும், மேலே செல்லச் செல்லப் பிழை வளர்கிறது எனில் குதிரை இடம் பெயர்ந்திருக்கிறது. இவ்வளவு தெரிந்து சென்றால், கைவினைஞரிடம் குறையைத் தெளிவாகக் கூறலாம்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் தட்பவெப்பத்தையும் கருத வேண்டும். பாறசாலைப் பகுதிக்கு இரு பருவ மழையும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் காற்று ஈரமானது. அவ்வீரத்தில் பழகிய மரம் டில்லியின் கோடைக்காலத்து வறண்ட காற்றில் சுருங்கும். பிருடை வழுக்கும், ஒட்டு விலகும். மும்பையின் மழைக்காலத்திலோ பூஞ்சை படரும், பிருடை இறுகும். தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகை செல்சியஸில் உருகுவது. அதற்கு வெகுமுன்னரே இளகத் தொடங்கும். ஆகவே வடநாட்டுக் கோடையில் சாளரத்தருகிலும், மூடிய மோட்டார் வண்டியினுள்ளும் வீணையை வைத்தலாகாது. பயணத்தின்பொழுது தந்திகளைச் சற்றே தளர்த்தி, சுரைக்காயைக் கழற்றித் தனியே பொதிந்து கொண்டு செல்லுங்கள். வீட்டில் உள்சுவரை ஒட்டிப் பருத்தி உறையிட்டு வைப்பது நலம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். எல்லாவற்றினும் சிறந்த காப்பு, நாள்தோறும் எடுத்து வாசித்தலே.

பாறசாலை வீட்டு வீணைக்கு வருவோம். அதன் ஒட்டு உறுதியாக இருந்தது. துடைத்துத் தந்தி மாற்றிய பின், தஞ்சையில் தொழில் பயின்ற கைவினைஞர் ஒருவர் வந்து மேளம் கட்டினார். பாட்டியாரின் பாட்டுப் புத்தகமும் பரணிலேயே கிடைத்தது. சுரங்கள் யாவும் அவர் தம் கையால் தமிழில் எழுதியவை. பேரருக்கு அதில் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியவில்லை. ஒன்பது வயதுடைய அவர் மகளுக்கும் தெரியவில்லை. ஆனால், பஞ்சமத் தந்தியின் ஐந்தாவது மெட்டையும் சாரணியையும் அடுத்தடுத்து மீட்டிக் காட்டியபொழுது, "இரண்டும் ஒன்றுதானே, அப்பா!" என்று அச்சிறுமியே முதலில் கூறினாள். வீணை விற்கப்படவில்லை, புனேக்குச் சென்றது. பாட்டுப் புத்தகமும் உடன் சென்றது. அதனை வாசிப்பதற்கென அவள் இப்பொழுது தமிழ் எழுத்துப் பயில்கிறாள் என்று அறிகிறோம்.

வீட்டில் வீணை வைத்திருக்கும் நேயர்கள் இவ்வார விடுமுறையிலேயே அதனைக் கீழே இறக்கி, உறையை நீக்கி, ஒட்டுகளை ஒரு முறை நோக்குவார்களாக. மேளம் கட்டும் கை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அக்கைக்கு வேலை கிடைக்கும் வரையில்தான் அத்தொழிலும் நிலைக்கும்.