ஜாடியில் முளைத்த மொட்டு!

நண்பர்களே, உங்க வீட்டு ஊறுகாய் ஜாடியைத் தட்டிப் பாருங்க. கணீர்னு சத்தம் வரும். மண்பானை மாதிரி அது தண்ணீரை உறிஞ்சாது. ஏன் தெரியுமா? 1200 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் சுட்டதால், களிமண் கல் போல இறுகிவிட்டது.

இதே வகை ஜாடிகளில் அதிசயம் செய்தவர் டென்மார்க் நாட்டுக் கலைஞர் அக்செல் சால்டோ (1889–1961). 1775இல் தொடங்கப்பட்ட ராயல் கோபன்ஹேகன் தொழிற்சாலைக்காக அவர் ஜாடிகளைப் படைத்தார்.

அவை மூணு வகை. ஒன்றில் வரிவரியான பள்ளங்கள். இன்னொன்றில் மொட்டு மொட்டாகப் புடைப்புகள். மூன்றாவதில் விதை முளை விடுவது போன்ற கூர்கள். பார்த்தால் பலாக்காய் ஞாபகம் வரும்! ஆனால் காயை அப்படியே காப்பியடிப்பது அவர் நோக்கமில்லை. செடி வளர்வது போல ஜாடியும் வளர வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

புடைப்புகள் வெறும் அழகுக்கா? இல்லை! ஜாடிமேல் பூசிய மெருகு, சூளையில் கண்ணாடி போல உருகும். மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். மெலிந்த இடத்தில் ஒரு நிறம், தடித்த இடத்தில் வேறு நிறம்! எப்படி வரும் என்பது சூளையைத் திறக்கும்வரை முழுசாகத் தெரியாது. அதனால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

1951இல் மிலான் கண்காட்சியில் அவருக்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. இன்று அவருடைய சிறந்த ஜாடிகள் ஏலத்தில் பல லட்சம் ரூபாய்க்குப் போகின்றன.

அடுத்த ஓவிய வகுப்பில் இலையைப் பார்த்து வரையும் முன், அது எப்படித் துளிர்த்தது என்று ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்களேன்!

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு