தறிச் சரக்குக்கு இணையப் பட்டியல்: சந்தேகங்களும் விளக்கங்களும்

பவானியில் ஜமக்காளம் விற்பவரானாலும், காஞ்சிபுரத்தில் புடவை நெய்து விற்பவரானாலும், ஈரோட்டில் போர்வை மொத்த வியாபாரம் செய்பவரானாலும் பொதுவான ஒரு குறை உண்டு. போட்டோ அனுப்பி, விலை சொல்லி, அளவு சொல்லி, அதையே அடுத்தவருக்கும் திரும்பச் சொல்லி வாட்ஸ்அப்பிலேயே பொழுது போய்விடுகிறது. சொந்தமாக ஓர் இணையதளம் வைத்து, சரக்கு முழுவதையும் அதில் பட்டியலாகப் போட்டுவிட்டால் இந்த அலைச்சல் பாதி குறையும். ஆனால் அதைப் பற்றிய தயக்கமும் குழப்பமும் நிறைய இருக்கின்றன. கைத்தறி ஜவுளியை உதாரணமாக வைத்து, அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

வாட்ஸ்அப் கேட்டலாக், ஃபேஸ்புக் பக்கம் இருக்கும்போது தனி இணையதளம் எதற்கு?

தொடக்கத்துக்கு அவை போதும். ஆனால் சரக்கு நூறைத் தாண்டினால், "பருத்தி மட்டும், ஒன்பது அடி மட்டும்" என்று வாடிக்கையாளர் வடிகட்டிப் பார்க்க அவற்றில் வசதி குறைவு. இன்னொன்று, அது வாடகைக் கடை மாதிரி. விதிகளை அந்த நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கணக்கை முடக்கவும் செய்யலாம். சொந்த டொமைனில் (இணைய முகவரியில்) உள்ள பட்டியல் உங்கள் பெயரில் நிற்கும். கூகுளில் தேடுகிற வெளியூர்க்காரருக்கும் எளிதில் கண்ணில் படும். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் பட்டியல் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் பேச்சு நடக்கட்டும்.

சி.எம்.எஸ். என்கிறார்களே, அது என்ன?

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. நிரல் எழுதத் தெரியாதவரும் படிவத்தை நிரப்பிப் பக்கங்களைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் மென்பொருள். அதிகம் புழங்குவது வேர்ட்பிரஸ். 2003-ல் வெளிவந்த இது, இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றை இயக்குகிறது. ட்ரூபல், ஜூம்லா ஆகியவையும் உண்டு.

வேர்ட்பிரஸ்ஸுடன் 2011-ல் வந்த வூகாமர்ஸ் என்ற பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) சேர்த்தால், பொருள், விலை, இருப்பு, வகை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் கிடைக்கும். சிறு வியாபாரிக்கு இந்த ஜோடி போதுமானது. இதைத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பது இன்னொரு வசதி. ஒருவர் விட்டுப்போனாலும் அடுத்தவர் வந்து பார்த்துக்கொள்வார்.

மென்பொருள் இலவசம் என்கிறார்கள். பிறகு எதற்குச் செலவு?

வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், அவற்றுக்குக் காசு கிடையாது. டொமைன் பெயருக்கும், தளத்தைத் தாங்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். முதல் ஆண்டு சலுகை விலையைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வடிவமைப்பவரின் கூலி தனி. சில பிளகின்களுக்கும் ஆண்டுச் சந்தா உண்டு.

எங்கிருந்து தொடங்குவது? நல்ல டிசைனைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தா?

இல்லை. பெரும்பாலான தளங்கள் பாதியில் நின்றுபோவது இங்கேதான். டிசைன், நிறம், லோகோ என்று இரண்டு மாதம் ஓடிவிடும். சரக்கு விவரம் கேட்டால் கையில் எதுவும் இருக்காது. தளத்தை யார் வேண்டுமானாலும் கட்டித் தரலாம். சரக்கைப் பற்றிய விவரம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எனவே முதலில் எக்செல் தாளைத் திறந்து உட்காருங்கள்.

ஒரு வரிக்கு ஒரு பொருள். ஜமக்காளம் என்றால் இத்தனை கட்டங்களாவது வேண்டும்: சரக்கு எண், பெயர், வகை, நீள அகலம், நூல், கைத்தறியா விசைத்தறியா, நிறம், எடை, விலை, இருப்பு, துவைக்கும் முறை, படத்தின் கோப்புப் பெயர். "அருமையான தரம், கண்ணைக் கவரும் வண்ணம்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. "6 அடிக்கு 9 அடி, பருத்தி, எட்டுப் பேர் உட்காரலாம், முதல் சலவை தனியாக" என்று எழுதினால் வாடிக்கையாளர் போன் போட்டுக் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

சரக்கு எண்ணில் மட்டும் கவனம் வையுங்கள். ஓர் எண் ஒரு பொருளுக்குத்தான். அந்தச் சரக்கு நின்றுபோனாலும் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. காரணம், எக்செல் தாளை சி.எஸ்.வி. கோப்பாக்கி வூகாமர்ஸில் மொத்தமாக ஏற்றும்போது, ஏற்கெனவே உள்ள பொருளை அது இந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. நூல் விலை ஏறி முந்நூறு பொருளுக்கு விலை மாற்ற வேண்டுமா? தாளில் மாற்றி, "ஏற்கெனவே உள்ளவற்றைப் புதுப்பி" என்ற தேர்வோடு ஏற்றினால் ஒரே வேளையில் முடிந்துவிடும்.

எக்செல்லிலிருந்து ஏற்றினால் தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியாக வருகிறதே?

கோப்பைச் சேமிக்கும்போது வெறும் சி.எஸ்.வி. என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதே பட்டியலில் "சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8" என்று இன்னொரு தேர்வு இருக்கும். அதில் சேமித்தால் தமிழ் அப்படியே வரும். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த தாள் என்றால் இது உதவாது. முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

ஒரே ஜமக்காளம் நான்கு அளவில், ஆறு நிறத்தில் இருக்கிறது. இருபத்து நான்கு பக்கம் போடுவதா?

வேண்டாம். வூகாமர்ஸில் "வேரியபிள்" என்றொரு பொருள் வகை உண்டு. பக்கம் ஒன்றுதான். அதற்குள் அளவு, நிறம் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். வாடிக்கையாளர் 6-க்கு 9 அடி, நீலம் என்று தொட்டால் அதற்குரிய விலை, படம், இருப்பு மாறித் தெரியும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிச் சரக்கு எண் கொடுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது நிறப் பெயரில். ஒரு நாள் "அரக்கு" என்று போடுவார்கள், மறுநாள் "அரக்குச் சிவப்பு", அடுத்த வாரம் "மெரூன்". கடையில் இருப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான். கணினிக்கு அவை மூன்று தனி நிறங்கள். வாடிக்கையாளர் "அரக்கு" என்று வடிகட்டினால் முப்பது புடவையில் பத்துதான் தெரியும், மற்றவை இருந்தும் இல்லாதது போலத்தான். அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயத்தோல் என்று உங்கள் கடையின் நிறப் பெயர்களை ஒரே ஒரு முறை முடிவு செய்யுங்கள். அவற்றைப் பொருள் பக்கத்தில் அவ்வப்போது அடிக்காமல், "அட்ரிபியூட்ஸ்" என்ற பொதுப் பகுதியில் பதிந்துவிட்டு, அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் வடிகட்டும் வசதி ஒழுங்காக வேலை செய்யும்.

படங்களை எப்படி எடுப்பது? எந்த அளவில் ஏற்றுவது?

இப்போதைய கைப்பேசிக் கேமராவே போதும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைப் பின்னணியில் எடுங்கள். டியூப் லைட்டில் எடுத்தால் நிறம் மாறும், மாறிய நிறத்தால் சரக்கு திரும்பி வரும். புடவைக்கு உடல், கரை, முந்தானை, நெசவு தெரியும் கிட்டப் படம் என நான்கு படங்களாவது வேண்டும். ஜமக்காளத்துக்கு முழுவிரிப்பு ஒன்று, மூலையை மடித்துப் பின்புறம் காட்டுவது ஒன்று.

கைப்பேசியில் எடுத்த படம் பல எம்.பி. இருக்கும். அப்படியே ஏற்றினால் ஹோஸ்டிங் இடம் சீக்கிரம் நிரம்பும். 2,560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தை வேர்ட்பிரஸ் தானாகவே சுருக்கிக்கொள்ளும் என்றாலும், மூலப் படமும் சர்வரில் கிடக்கும். நீங்களே 1,200 பிக்சல் அளவுக்குக் குறைத்து, சரக்கு எண்ணையே கோப்புப் பெயராக வைத்து ஏற்றுங்கள். அடுத்தவர் தளத்துப் படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது பதிப்புரிமை மீறல், வாங்குபவரை ஏமாற்றுவதும்கூட.

பொருள் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

தாராளமாக. ஒரே ஓர் எச்சரிக்கை. தலைப்பைத் தமிழில் அடித்தால் பக்கத்தின் முகவரியையும் வேர்ட்பிரஸ் தமிழிலேயே உருவாக்கும். உள்ளே அது குறியீடாகச் சேமிக்கப்படும்போது, புள்ளி, கொம்பு உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 9 இடம் பிடிக்கும். மொத்த இடமோ 200-தான். எனவே 22 குறிகளுக்கு மேல் முகவரி வெட்டுப்பட்டுவிடும். "காஞ்சிபுரம் பட்டுப்புடவை" என்ற தலைப்புக்கே இடம் போதாமல், கடைசி "வை" வெறும் "வ" ஆகிவிடும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டு கிடக்கும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரிக்கான கட்டத்தில் மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமான பெயரும் சரக்கு எண்ணும் கொடுங்கள்.

தமிழ்ப் பொருளையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவர்கள் நம்மில் மிக அதிகம். அதனால் விவரப் பகுதியில் அந்தப் பெயரையும் ஒரு முறை சேர்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் பணம் வாங்க வேண்டாம். பட்டியல் மட்டும் காட்ட முடியுமா?

முடியும். வூகாமர்ஸில் விலைக் கட்டத்தைக் காலியாக விட்டால், வாங்கும் பட்டன் தானாகவே மறைந்துவிடும். விலை தெரியவேண்டும், பட்டன் வேண்டாம் என்றால் அதற்கெனத் தனிப் பிளகின்கள் உள்ளன. ஒவ்வொரு பொருளின் கீழும் வாட்ஸ்அப் இணைப்பு வைத்து, தொட்டவுடன் சரக்கு எண்ணோடு செய்தி வரும்படி செய்யலாம்.

விலையை மறைக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. சில்லறைக்கு வாங்குபவர் விலை தெரியாத பொருளைக் கேட்காமலே கடந்துபோய்விடுவார். மொத்த வியாபாரத்துக்கு மட்டும் "அளவைப் பொறுத்து விலை" என்று போடுவதில் தவறில்லை.

சட்டப்படி என்னென்ன விவரம் இருக்க வேண்டும்?

இணையம் வழியே விற்பவருக்கு 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் பொருந்தும். நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொட்டலமாக விற்கும் பொருள் என்றால், அதிகபட்ச சில்லறை விலை, அளவு, தயாரிப்பாளர் முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பன போன்ற விவரங்களைத் தளத்திலும் காட்ட வேண்டும்.

பவானி ஜமக்காளம், காஞ்சிபுரம் பட்டு, பத்தமடைப் பாய் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. வேறெங்கோ விசைத்தறியில் ஓட்டியதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது 1999-ம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்துக்காக மட்டுமல்ல, தறியில் உட்கார்ந்து நெய்தவரின் கூலி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. விசைத்தறி என்றால் விசைத்தறி என்றே எழுதுங்கள்.

சரக்கு தீர்ந்துவிட்டால் பக்கத்தை அழித்துவிடலாமா?

மறுபடி நெய்யப்படும் சரக்கு என்றால் அழிக்காதீர்கள். இருப்பை பூஜ்யமாக்கினால் "தீர்ந்துவிட்டது" என்று தெரியும். பக்கத்தை அழித்தால் கூகுளில் அது பெற்ற இடமும் போய்விடும். ஒற்றைப் புடவையாக வரும் டிசைன்களுக்கு இருப்பை 1 என வைத்து, தீர்ந்தவற்றைப் பட்டியலில் மறைக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

தளத்தை யாராவது ஹேக் செய்துவிட்டால்?

பெரும்பாலும் அப்டேட் செய்யாத பிளகின், எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு, இலவசமாகக் கிடைக்கிறதென்று எங்கிருந்தோ இறக்கிய திருட்டுத் தீம் (தள வடிவமைப்பு) ஆகிய மூன்று வழியாகத்தான் ஆபத்து வரும். தேவையில்லாத பிளகின்களை நீக்குங்கள், மற்றவற்றை வாரம் ஒரு முறை அப்டேட் செய்யுங்கள். பேக்கப்பைத் தானாக எடுக்கும்படி வைத்து, ஒரு பிரதியைத் தளத்துக்கு வெளியே, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் சேமியுங்கள்.

ஒருவரிடம் கொடுத்துச் செய்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் பதிவாக வேண்டும். வடிவமைப்பவர் தன் பெயரில் பதிந்துவிட்டால், பின்னால் மனத்தாங்கல் வரும்போது கடைப் பெயரே உங்கள் கையை விட்டுப் போய்விடும். அட்மின் பாஸ்வேர்டு, ஹோஸ்டிங் கணக்கு விவரம், சந்தா கட்டிய பிளகின்களின் பட்டியல் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். புதுப் பொருள் சேர்ப்பது, விலை மாற்றுவது இரண்டையும் உங்கள் கடையில் ஒருவருக்கு அவர் சொல்லித்தர வேண்டும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாச் சரக்கையும் ஒரே மூச்சில் ஏற்ற நினைக்க வேண்டாம். அதிகம் விற்கும் ஐம்பது பொருளை எடுத்து, இந்த வாரமே எக்செல் தாளில் எழுதத் தொடங்குங்கள். அந்தத் தாள் சரியாக அமைந்துவிட்டால், நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும், ஆளை மாற்றினாலும் உங்கள் பட்டியல் உங்களிடமே இருக்கும்.